பாறைக்கு ஒரு வரவு செலவுக் கணக்கு

அமெரிக்காவின் கிழக்குப் பக்கத்தில் பென்சில்வேனியா, மேற்கு வர்ஜீனியா, ஒஹாயோ மாநிலங்களை ஒட்டி அப்பலாச்சியன் மலைப்பகுதி இருக்கிறது. நிலக்கரிக்குப் பேர் போன இடம். அங்கே சில ஓடைகளில் தண்ணீர் கண்ணாடி போலத் தெளிவாக ஓடும். ஆனால் ஒரு மீன் கூட இருக்காது. அடியில் கிடக்கும் கற்கள் எல்லாம் காவி நிறத்தில் இருக்கும். அந்தக் காவிப் படிவத்துக்கு உள்ளூர் மக்கள் 'யெல்லோ பாய்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அது இரும்புத் துரு. கூடவே ஓடுவது கந்தக அமிலம் கலந்த தண்ணீர்.

இந்த அமிலம் நிலக்கரியில் இருந்து மட்டும் வருவதில்லை. நிலக்கரியை எடுப்பதற்காகத் தோண்டித் தள்ளிய பாறையில் இருந்தும் வருகிறது. நிலக்கரிக்கு மேலே மூடிக் கிடக்கும் மண்ணையும் பாறையையும் சுரங்கக்காரர்கள் 'ஓவர்பர்டன்' என்பார்கள். இங்கே அதை மேல்பாறை என்றே வைத்துக்கொள்ளலாம். திறந்தவெளிச் சுரங்கத்தில் முதலில் இந்த மேல்பாறையை வெடி வைத்து உடைத்து அள்ள வேண்டும். நிலக்கரி எடுத்து முடிந்ததும் அதே பாறையைக் குழியில் திரும்பக் கொட்டி, சமப்படுத்தி, செடி நட வேண்டும். அந்த இடத்தின் புது நிலம் அதுதான்.

அப்படியென்றால் ஒரு கேள்வி வருகிறது. நாளைக்கு நிலமாகப் போகிற இந்தப் பாறை நல்லதா, கெட்டதா என்று தோண்டுவதற்கு முன்பே தெரிந்துகொள்ள முடியுமா? இதற்குப் பதில் தேடியவர்கள் கடைசியில் வந்து சேர்ந்த இடம், ஒரு வணிகவியல் மாணவனுக்கு நன்றாகத் தெரிந்த இடம்: வரவு, செலவு, மிச்சம்.

கல் எப்படி அமிலம் ஆகிறது?

அப்பலாச்சியன் நிலக்கரி சுமார் 30 கோடி ஆண்டுகளுக்கு முன் சதுப்பு நிலங்களில் உருவானது. அந்தச் சேற்றில் இரும்பும் கந்தகமும் சேர்ந்து பைரைட் என்ற தாதுவாகின. தங்கம் போல மினுங்கும். காற்றுப் படாமல் பூமிக்குள் இருக்கும் வரை அதனால் எந்தத் தொல்லையும் இல்லை.

பாறையை உடைத்து வெளியே கொட்டியதும் கதை மாறுகிறது. காற்றும் மழைநீரும் பட்டதும் பைரைட் சிதைந்து, இரும்பாகவும் கந்தக அமிலமாகவும் பிரிகிறது. இதை வேகப்படுத்தும் ஒரு பாக்டீரியாவும் உண்டு. 1947-ல் மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கோல்மர், ஹிங்கில் என்ற இருவர் சுரங்கத் தண்ணீரில் இருந்து இந்தப் பாக்டீரியா பற்றிய முதல் அறிக்கையை வெளியிட்டார்கள்.

இதற்கு மாற்று மருந்தும் பாறைக்குள்ளேயே இருக்கிறது. சுண்ணாம்பு, அதாவது கால்சியம் கார்பனேட். நம் வீடுகளில் கடப்பா கல் மேடை மீது எலுமிச்சைச் சாறு சிந்தினால் பளபளப்பு போய்த் தடம் விழுகிறது அல்லவா? அந்த இடத்தில் சுண்ணாம்புக்கல் அமிலத்தை முறித்துத் தன்னைக் கரைத்துக் கொள்கிறது. சுரங்கப் பாறையிலும் இதேதான். பைரைட் அமிலத்தைக் கொடுக்கும், சுண்ணாம்பு அதை முறிக்கும். இரண்டில் எது அதிகம் என்பதுதான் அந்த ஓடையின் தலையெழுத்து.

முதலில் தோண்டு, பிறகு பார்

மேற்கு வர்ஜீனியா 1939-லேயே திறந்தவெளிச் சுரங்கங்களுக்குச் சட்டம் போட்டது. அமெரிக்க மாநிலங்களில் அதுதான் முதல். பென்சில்வேனியா 1945-ல் போட்டது. ஆனால் அந்தக் காலத்துச் சீரமைப்பு என்பது பெரும்பாலும் கொட்டிய மண்ணை ஓரளவு நிரவி மரக்கன்று நடுவதுதான். சில இடங்களில் மரம் வந்தது. சில இடங்களில் புல் கூட முளைக்கவில்லை. ஏன் என்று பார்க்கும்போதுதான் மண்ணை எடுத்து பி.எச். அளந்தார்கள்.

இதில் இரண்டு சிக்கல். ஒன்று, அளப்பதற்குள் வேலை முடிந்துவிட்டது. கெட்ட பாறை மேலே வந்து பரவிவிட்டது. இன்னொன்று, பி.எச். எதிர்காலத்தைச் சொல்லாது. அன்றைக்கு உடைத்த பைரைட் பாறையின் பி.எச். கிட்டத்தட்ட சாதாரணமாகவே இருக்கலாம். ஏனென்றால் பைரைட் சிதையவே ஆரம்பித்திருக்காது. கொஞ்ச காலம் கழித்து அதே பாறை தாவரங்களைக் கொல்லும் அளவுக்கு அமிலமாகலாம். ஒரு கடையின் கல்லாவில் இன்றைக்கு எவ்வளவு பணம் இருக்கிறது என்று பார்ப்பது போலத்தான் இது. அந்தக் கடைக்காரர் வெளியே எவ்வளவு கடன் வாங்கியிருக்கிறார் என்பது கல்லாவைத் திறந்தால் தெரியாது.

மார்கன்டவுனில் எழுதிய கணக்கு

மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகம் மார்கன்டவுன் என்ற ஊரில் இருக்கிறது. அங்கே ரிச்சர்ட் மெரிவெதர் ஸ்மித் என்ற மண்ணியல் பேராசிரியர் இருந்தார். அவரும் சகாக்களும் 19-ம் நூற்றாண்டில் இரும்புத்தாது தோண்டிவிட்டுப் போட்ட பழைய மண்மேடுகளை ஆராய்ந்தார்கள். 70 முதல் 130 ஆண்டு வயதான அந்த மேடுகள் பலவற்றில் நல்ல காடு வளர்ந்திருந்தது. தோண்டிப் போட்ட பாறை என்றாலே பாழ் நிலம் என்று சொல்லிவிட முடியாது, எந்தப் பாறை என்பதுதான் முக்கியம் என்பதற்கு அது சாட்சி.

1971-லும் 1974-லும் இந்தக் குழு வெளியிட்ட அறிக்கைகளில் ஒரு முறை உருவானது. 1978-ல் சோபெக், ஷுல்லர், ஃப்ரீமன், ஸ்மித் ஆகிய நால்வரும் எழுதிய கையேட்டை அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை வெளியிட்டது. மேல்பாறையைச் சோதிப்பவர்களுக்கு அதுவே பாடப்புத்தகம் ஆனது. அந்த முறையின் பெயரிலேயே கணக்கு இருக்கிறது: 'ஆசிட் பேஸ் அக்கவுண்டிங்', அமில-காரக் கணக்கு.

முறை இதுதான். சுரங்கம் வரப்போகும் இடத்தில் மேலிருந்து நிலக்கரிக்குக் கீழ் வரை துளை போட்டு, ஒவ்வொரு அடுக்கிலிருந்தும் பாறை மாதிரி எடுப்பார்கள். ஒவ்வொன்றையும் மாவாக அரைத்து இரண்டு சோதனை செய்வார்கள்.

முதல் சோதனை கடன் பக்கம். பாறையில் எத்தனை சதவீதம் கந்தகம் இருக்கிறது என்று அளப்பது. 32 கிராம் கந்தகம் தரும் அமிலத்தை முறிக்க 100 கிராம் கால்சியம் கார்பனேட் வேண்டும். இந்த விகிதப்படி 1 சதவீதக் கந்தகம் உள்ள 1,000 டன் பாறைக்கு 31.25 டன் சுண்ணாம்பு தேவை. அதுதான் அந்தப் பாறை பட்டிருக்கும் கடன்.

இரண்டாவது சோதனை சொத்துப் பக்கம். முதலில் பாறை மாவின் மீது சில சொட்டு ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டு நுரைக்கிறதா என்று பார்ப்பார்கள். நுரையே இல்லை, லேசான நுரை, நடுத்தரம், பலமான நுரை என்று நான்கு தரம். எந்த அளவு அமிலம் சேர்க்க வேண்டும் என்பதை நுரையைப் பார்த்து முடிவு செய்து, 2 கிராம் மாவை அதில் சூடாக்குவார்கள். மீதி இருக்கும் அமிலத்தை சோடியம் ஹைட்ராக்சைடு விட்டு அளப்பார்கள். ப்ளஸ் டூ வேதியியல் லேபில் எல்லோரும் செய்த அதே டைட்ரேஷன்தான். எவ்வளவு அமிலம் காணாமல் போனதோ, அவ்வளவு முறிக்கும் சக்தி பாறையிடம் இருக்கிறது என்று அர்த்தம்.

சொத்தில் இருந்து கடனைக் கழித்தால் மிச்சம் தெரிந்துவிடும். 1,000 டன்னுக்கு 5 டன் அல்லது அதற்கு மேல் பற்றாக்குறை வந்தால், அல்லது பாறை மாவின் பி.எச். 4-க்குக் கீழே இருந்தால், அந்த அடுக்கு நச்சு என்று 1974 அறிக்கை வகுத்தது.

ஏன் 1,000 டன் என்று ஒரு சந்தேகம் வரலாம். ஒரு ஏக்கரில் கலப்பை உழும் ஆழத்துக்கு உள்ள மண்ணின் எடை சுமார் 1,000 அமெரிக்க டன். ஏக்கருக்கு எத்தனை டன் சுண்ணாம்பு போட வேண்டும் என்று விவசாயிக்குச் சொல்லும் அதே அளவுகோலைத்தான் பாறைக்கும் எடுத்துக்கொண்டார்கள். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஒரு சிறு உதாரணம்

கற்பனையாக ஒரு துளையை எடுத்துக்கொள்வோம். மேலே 10 அடி மணற்பாறை. கந்தகம் 0.1 சதவீதம், முறிக்கும் சக்தி 8 டன். கடன் 3.125 டன், மிச்சம் 4.875 டன். நல்ல பாறை. அதற்குக் கீழே, நிலக்கரியை ஒட்டி 2 அடி கருப்புக் களிப்பாறை. கந்தகம் 3 சதவீதம், முறிக்கும் சக்தி 10 டன். கடன் 93.75 டன், பற்றாக்குறை 83.75 டன்.

இப்போது அடியால் பெருக்கிப் பாருங்கள். மணற்பாறையின் மிச்சம் 48.75. களிப்பாறையின் பற்றாக்குறை 167.5. பத்து அடி நல்ல பாறை சேர்த்து வைத்ததை இரண்டு அடிக் களிப்பாறை தின்றுவிட்டு, மேலும் 118.75 கடன் வைக்கிறது. கண்ணால் பார்த்தால் குவியலில் பெரும்பகுதி நல்ல பாறைதான். கணக்குப் போட்டால் குவியல் மொத்தமும் நஷ்டம்.

இந்தக் கணக்கு கையில் இருந்தால் வேலையையே வேறு மாதிரி செய்யலாம். கருப்புப் பாறையைத் தனியாக அள்ளி, தண்ணீர் படாத உயரத்தில் நல்ல பாறைக்கு நடுவே புதைக்கலாம். வெளியிலிருந்து சுண்ணாம்புக்கல் கொண்டுவந்து கலக்கலாம். மிச்சம் அதிகம் உள்ள அடுக்கை மேலே பரப்பலாம். எதுவும் கட்டுப்படியாகாது என்றால் தோண்டாமலே விட்டுவிடலாம். கடைசி வழிதான் முன்பு இல்லாதது.

சட்டத்துக்குள் நுழைந்த சோதனை

திறந்தவெளிச் சுரங்கங்களுக்கு நாடு முழுவதும் ஒரே சட்டம் வேண்டும் என்று அமெரிக்க நாடாளுமன்றம் நிறைவேற்றிய மசோதாக்களை அதிபர் ஃபோர்டு 1974-லும் 1975-லும் தடுத்தார். 1977 ஆகஸ்ட் 3-ல் அதிபர் கார்ட்டர் கையெழுத்திட்டார். சுரங்க அனுமதி கேட்கும்போதே துளைகளின் விவரம், நிலக்கரியின் கந்தக அளவு, அமிலமாகவோ நச்சாகவோ மாறக்கூடிய மேல்பாறை அடுக்குகளின் வேதியியல் சோதனை முடிவு ஆகியவற்றைத் தர வேண்டும் என்று அந்தச் சட்டம் சொன்னது. நிலத்தைச் சீரமைத்துத் தருவதற்குப் பிணைத்தொகையும் கட்ட வேண்டும்.

இங்கேதான் ஒரு மாற்றம் சத்தமில்லாமல் நடந்தது. ஸ்மித்தின் குழு மண்ணியல்காரர்கள். அவர்கள் கேட்ட முக்கியமான கேள்வி, இந்தப் பாறையில் செடி வளருமா என்பது. அதனால்தான் ஏக்கர் கணக்கு, அதனால்தான் 5 டன் எல்லை. சட்டம் வந்தபிறகு அதிகாரிகள் அதே எண்ணை வைத்துக்கொண்டு வேறு கேள்வி கேட்க ஆரம்பித்தார்கள். இந்தச் சுரங்கத்தில் இருந்து வரும் தண்ணீர் பல ஆண்டு கழித்தும் நன்றாக இருக்குமா? ஒரு தேவைக்காக எழுதிய கணக்கை இன்னொரு தேவைக்குக் காட்டினால் என்ன ஆகும் என்பது அடுத்த இருபது ஆண்டுகளில் தெரிந்தது.

கணக்கில் வந்த ஓட்டைகள்

முதல் ஓட்டை, போலிச் சொத்து. சிடரைட் என்பது இரும்புக் கார்பனேட். சோதனைக்கூடத்தில் அமிலத்தை முறிப்பது போலக் காட்டும். ஆனால் அதிலிருந்து கரையும் இரும்பு பிறகு காற்றோடு சேர்ந்து துருவாகும்போது, முறித்த அமிலத்தைத் திருப்பிக் கொடுத்துவிடும். நிகர லாபம் பூஜ்யம். பணமில்லாத கணக்கில் எழுதிய செக்கை வரவு வைத்தது போல. ஹைட்ரஜன் பெராக்சைடு சேர்த்து அந்த இரும்பை லேபிலேயே துருவாக்கிவிட்டால் உண்மை தெரியும் என்று 1997-ல் ஸ்கூசன் என்ற ஆய்வாளரும் சகாக்களும் காட்டினார்கள்.

இரண்டாவது ஓட்டை, மாற்று விகிதம். 31.25 என்ற எண், அமிலம் முறியும்போது உண்டாகும் கார்பன் டை ஆக்சைடு எல்லாம் காற்றில் போய்விடும் என்று எடுத்துக்கொள்கிறது. ஆழத்தில் புதைந்த பாறைக்குள் அது போகாமல் தங்கினால் இரண்டு மடங்கு, அதாவது 62.5 டன் வேண்டும் என்று 1990-ல் ஒரு குழு வாதிட்டது. அதே பாறை, அதே கந்தகம். ஆனால் கடன் இரட்டிப்பு.

மூன்றாவதுதான் பெரியது. காலம். இந்தக் கணக்கில் தேதியே கிடையாது. பைரைட் எப்போது அமிலம் தரும், சுண்ணாம்பு எப்போது கரையும் என்று அது சொல்லாது. நுண்ணிய மணிகளாகத் திரண்டிருக்கும் பைரைட் மிக வேகமாகச் சிதையும், பெரிய படிகம் மெதுவாகச் சிதையும் என்று ஃபிராங்க் கருச்சியோ என்ற ஆய்வாளர் ஏற்கெனவே எழுதியிருந்தார். கந்தக சதவீதம் இரண்டுக்கும் ஒன்றாகவே இருக்கலாம். ஒரு வியாபாரியிடம் கடனை விட அதிகமாகச் சொத்து இருக்கலாம். ஆனால் தவணை நாளில் கையில் ரொக்கம் இல்லாவிட்டால் நொடித்துத்தான் போவார். பாறைக்கும் அதே கதிதான்.

பென்சில்வேனியாவில் 38 சுரங்கங்களின் முன்கணக்கையும் பின்னால் உண்மையில் வந்த தண்ணீரையும் ஒப்பிட்டு 1994-ல் ஓர் ஆய்வு வந்தது. சுரங்கம் முழுவதற்கும் சேர்த்து 1,000 டன்னுக்கு சுமார் 12 டன் மிச்சம் இருந்தால் தண்ணீர் நன்றாக இருந்தது. மிச்சம் பூஜ்யத்துக்குக் கீழே போனால் அமிலம் வந்தது. நடுவில் இருந்தவற்றை உறுதியாகச் சொல்ல முடியவில்லை. செடிக்கு 5 டன் பற்றாக்குறை வரை பொறுத்துக்கொண்ட கணக்கு, தண்ணீருக்கு 12 டன் கையிருப்பு கேட்டது. கந்தகம் எவ்வளவு என்பதை விட, சுண்ணாம்பு எவ்வளவு என்பதே நல்ல வழிகாட்டி என்பதும் அதில் தெரிந்தது.

கணக்கில் இல்லாத கடன்

மேற்கு வர்ஜீனியாவின் தெற்குப் பகுதிப் பாறையில் கந்தகம் குறைவு. அமிலக் கணக்கில் அது தேறிவிடும். ஆனால் மலையுச்சியைத் தகர்த்துப் பள்ளத்தாக்கில் கொட்டும் சுரங்கங்களைப் பற்றி 2003-ல் வெளியான அரசின் வரைவு அறிக்கை, அந்தக் குவியல்களுக்குக் கீழே ஓடும் ஓடைகளில் செலினியம் அனுமதித்த அளவைத் தாண்டியிருப்பதைக் காட்டியது. செலினியம் மீன்களின் இனப்பெருக்கத்தைக் கெடுக்கும். அமிலக் கணக்கு பொய் சொல்லவில்லை. அந்தப் பேரேட்டில் செலினியத்துக்கு ஒரு பத்தியே கிடையாது.

இன்னொன்றும் உண்டு. அந்தப் பகுதியில் ஆழத்தில் இருந்து வரும் சாம்பல் நிற மணற்பாறையின் பி.எச். 7-க்கு மேலே கூடப் போகும். மேற்பரப்பை ஒட்டிய பழுப்பு மணற்பாறை, காற்றும் மழையும் பட்டு முதிர்ந்தது, லேசாக அமிலத்தன்மை கொண்டது. அமிலக் கணக்கை மட்டும் பார்ப்பவர் சாம்பல் பாறையை மேலே போடத்தான் சொல்வார். புல்லுக்கு அது ஒத்துக்கொண்டது. ஆனால் அந்த மலையின் சொந்த மரங்களை நட்டுப் பார்த்த சோதனைகளில் பழுப்புப் பாறையில்தான் மரங்கள் நன்றாக வளர்ந்தன. 2004-ல் மத்திய, மாநில அமைப்புகள் சேர்ந்து தொடங்கிய காடு மீட்பு முயற்சி பழைய மேல்மண்ணையும் இந்த முதிர்ந்த பாறையையும் மேலே பரப்பச் சொல்கிறது. 'தகுதியான பாறை' என்று சொல்வதற்கு முன் எதற்குத் தகுதி என்று கேட்க வேண்டியிருக்கிறது.

யார் கட்டுவது?

இதெல்லாம் விஞ்ஞானிகளின் சண்டை என்று ஒதுக்கிவிட முடியாது. அமிலத் தண்ணீர் ஒருமுறை வர ஆரம்பித்தால் பல பத்தாண்டுகளுக்கு நிற்காது. அதுவரை யாராவது சுண்ணாம்பு போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். நிறுவனங்களுக்கு அவ்வளவு ஆயுள் கிடையாது. 2015, 2016-ல் அமெரிக்காவின் பெரிய நிலக்கரி நிறுவனங்கள் சிலவே திவால் நீதிமன்றத்துக்குப் போயின. பிணைத்தொகை போதாவிட்டால் மீதி பொதுமக்கள் தலையில். 1977-க்கு முன் கணக்கே பார்க்காமல் தோண்டி விட்டுப்போன சுரங்கங்களைச் சரிசெய்ய 2021-ல் அமெரிக்க நாடாளுமன்றம் 1,130 கோடி டாலர் ஒதுக்கியது. எப்போதோ விற்றுத் தீர்ந்த நிலக்கரிக்கு இன்னொரு தலைமுறை கட்டும் பில் அது.

இந்தத் தொகையை வைத்துப் பார்த்தால், 2 கிராம் பாறை மாவில் சில சொட்டு அமிலம் விட்டு நுரையைப் பார்ப்பது எவ்வளவு மலிவான வேலை என்று புரியும். அமில-காரக் கணக்கு குறையில்லாதது இல்லை. அதில் விட்டுப்போன பத்திகளை ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டியிருந்தது, ஒவ்வொன்றையும் ஏதோ ஓர் ஓடை கெட்ட பிறகுதான் சேர்த்தார்கள். ஆனாலும் பாறையைத் தொடும் முன் அதன் கடனை எழுதி மேசை மீது வைக்க வேண்டும் என்ற பழக்கத்தை அதுதான் கொண்டுவந்தது. அனுமதி தரும் அதிகாரி 'வேண்டாம்' என்று சொல்ல ஒரு எண்ணையும் கொடுத்தது. சுரங்கம் எங்கே வந்தாலும், அனுமதிக் காகிதத்தில் அந்தப் பக்கத்தைத் தேடிப் படிக்கலாம். யாருடைய பெயரில் கடன் எழுதப்படுகிறது என்று அதில் தெரியும்.